மண்டலத்துக்குள் மறைந்த மந்து

1821ஆம் ஆண்டு மார்ச் மாதம் ‘மெட்ராஸ் கெசட்’ இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் தெரியாது. நீலகிரி மலைமேல் உள்ள ஓர் இடத்தை அவர் ‘வோட்டோகிமண்ட்’ என்று குறிப்பிட்டிருந்தார். இன்று நாம் உதகமண்டலம் என்றும் உதகை என்றும் ஊட்டி என்றும் சொல்லும் ஊரின் பெயர் எழுத்தில் ஏறியதற்கு நமக்குத் தெரிந்த முதல் சான்று அதுதான்.

அந்த ஆண்டை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதன்முதலாக மலையேறியது 1819 ஜனவரியில். அப்போது அவர் தங்கியது கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருந்த திம்ஹட்டியில். உதகையில் அவர் எழுப்பிய கல்வீடான ஸ்டோன் ஹவுஸின் வேலை 1822இல்தான் தொடங்கியது. மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்றார்கள். இன்றைய அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் அது நிற்கிறது. ஊரின் அடையாளமாக எல்லாரும் காட்டும் ஏரி, 1823க்குப் பிறகு ஓடைகளை மறித்துச் சல்லிவன் உண்டாக்கியது. பெயர் எழுத்தில் ஏறியபோது அங்கே கல்வீடும் இல்லை, ஏரியும் இல்லை. புல்வெளிகள், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடுகள், மேயும் எருமைகள், ஆங்காங்கே தோடர் குடியிருப்புகள், இவ்வளவே இருந்தன. இந்த ஊர்ப் பெயருக்குச் சொல்லப்பட்டுவரும் விளக்கங்களில் சில, இந்த ஒரு தேதியின் முன்னாலேயே தடுமாறிவிடுகின்றன.

பெயர் இரண்டு துண்டாகப் பிரியும். முன்துண்டைப் பற்றி நூற்றைம்பது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. பின்துண்டில் வாதமே இல்லை. அது ‘மந்து’, தோடர் குடியிருப்புக்கு மலையில் வழங்கும் சொல். ஆனால் அந்தச் சின்னச் சொல்லைத்தான் நாம் ‘மண்டலம்’ என்று பெரிதாக்கி, அது என்னவென்றே தெரியாதபடி செய்துவிட்டோம். ஆகையால் பின்துண்டிலிருந்தே தொடங்குவது முறை.

ஆங்கிலேயர் அதை எழுதியபோது நடுவில் ‘யு’ எழுத்தைப் போட்டார்கள். பண்டிதர், பஞ்சாப், கறி என்ற சொற்களிலும் அவர்கள் நம் குறில் அகரத்துக்கு அதே எழுத்தைத்தான் இட்டார்கள். ஆக அவர்கள் காதில் விழுந்தது ‘மந்த்’ அல்லது ‘மந்து’ என்பதே, ‘முண்ட்’ அன்று. பிற்கால நூல்களில் எழுத்து முறை திருந்தியபோது, அகரம் தெளிவாகத் தெரியும்படியே எழுதினார்கள். தகரத்துக்கும் டகரத்துக்கும் அவர்களுக்கு ஒரே எழுத்து என்பதால் அந்த வேறுபாடு மட்டும் ஏட்டில் அழிந்துபோயிற்று. இந்த அழிவு பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

தோடர்கள் தங்கள் வாயால் என்ன சொல்கிறார்கள்? 1901–02இல் அவர்களிடையே ஆய்வு செய்து 1906இல் ‘தோடர்கள்’ என்ற பெருநூலை வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ‘மட்’ என்று எழுதினார். ரிவர்ஸுக்கு மானிடவியல் தெரியும். மொழியின் நுண்ணொலிகளைப் பிடிக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி தோடா, கோத்தா, படுகு, குடகு மொழிகளைப் பதிவு செய்த எம். பி. எமனோவுக்கு அந்தப் பயிற்சி இருந்தது. அவர் காதில் அது ‘மொட்’ என்று கேட்டது. கடைசி ஒலி நம் டகரமும் இல்லை, தகரமும் இல்லை. நாக்கின் நுனி மேல்வரிசைப் பல்லின் ஈறைத் தொடும்போது, நம் வல்லின றகரம் பிறக்கும் அதே இடத்தில் பிறக்கும் ஒலி அது.

அந்த ஒலிதான் துப்புக் கொடுக்கிறது. தமிழின் ‘மூன்று’ தோடா மொழியில் ‘மூட்’. முடிவில் இதே ஒலி. தமிழின் ‘ஒன்று’ அங்கே ‘வுட்’ என்பதைப் போல ஒலிக்கும். முடிவில் இதே ஒலி. அதாவது நம் ‘ன்ற’ இருக்கும் இடத்தில் தோடா மொழி னகரத்தை விழுங்கிவிட்டு அந்த ஈற்றொலியை மட்டும் வைத்துக்கொள்கிறது. நம் அகரமும் ஆகாரமும் அங்கே பல சொற்களில் ஒகர ஓகாரங்களாகின்றன: பத்து ‘பொத்’, கண் ‘கொண்’, ஆள் ‘ஓள்’. தோடர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரே ‘ஓள்’தான்; ‘தோடர்’ என்பது மற்றவர்கள் இட்ட பெயர். இந்த இரண்டு விதிகளையும் ‘மொட்’ என்ற சொல்லின்மேல் திருப்பிப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது ‘மன்று’. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இதைத்தான் சொல்கிறது: தமிழ் மன்று, மன்றம்; தோடா மொட்; கோத்தா மந்த்; குடகு மந்து. ஒன்று என்பது கன்னடத்தில் ‘ஒந்து’ ஆவதுபோல மன்று ‘மந்து’ ஆகிறது. ஆக, நாம் வழக்கமாகச் சொல்லும் ‘மந்து’ என்ற வடிவமே தோடருடையது அன்று. கன்னட, படுகச் சாயல் கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மன்று என்றதும் நமக்கு நடராசரின் பொன்மன்றும் வழக்காடு மன்றமும் நினைவுக்கு வருகின்றன. சொல்லின் அடியில் இருப்பது மாடு. தமிழ் அகராதிகள் மன்று என்பதற்குச் சபை, நீதிமன்றம், நாற்சந்தி, ஊர்ப்பொது என்றெல்லாம் பொருள் தந்துவிட்டுப் பசுத்தொழுவம் என்றும் பசுக்கூட்டம் என்றும் பொருள் தருகின்றன. சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைப் பராமரித்து நாள்தோறும் நெய் அளக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்களே, அந்த ஆயர்களுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘மன்றாடி’. கால்நடை அடையும் இடத்தில் ஊர் கூடியது. ஊர் கூடிய இடத்தில் வழக்குப் பேசப்பட்டது. வழக்குப் பேசும் இடத்தில் தெய்வமும் ஆடியது. சமவெளியில் இந்த அடுக்குகள் ஆயிரம் ஆண்டுகளில் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. இன்று மன்றத்தில் மாட்டுக்கு இடமில்லை.

நீலகிரியில் அவை விலகவே இல்லை. ஒரு தோடர் மந்தில், பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்ததுபோல் வளைந்த கூரையுடைய சில வீடுகள் இருக்கும். அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, பெண்கள் நெருங்காத எல்லைக்குள், பால்கோயில் இருக்கும். புனித எருமைகளின் பாலைக் கடைந்து நெய்யாக்கும் பூசாரியின் பட்டறையும் வழிபாட்டு இடமும் அதுவே. கல் அடுக்கிய எருமைத்தொழுவம், புனிதக் கற்கள், நீர் எடுக்கும் ஓடை எல்லாம் சேர்ந்ததுதான் மந்து. எமனோவின் அகராதிக் குறிப்பின்படி ஈமச்சடங்கு நடக்கும் இடத்துக்கும் அதே சொல் பொருந்தும். குடகிலும் ‘மந்து’ என்பது ஊர்ப் பொதுவெளி. புத்தரி என்னும் அறுவடைத் திருநாளில் ஆண்கள் கோலாட்டம் ஆடுவது அங்கேதான். தமிழில் அகராதிக்குள் ஒடுங்கிய ஒரு பழம்பொருள் இந்த மலைகளில் நடைமுறையாக உயிரோடு இருக்கிறது. பெயராய்வு நமக்குத் தரும் பெரிய கொடை இது என்று நான் கருதுகிறேன். ‘கிராமம்’ என்று ஒற்றைச் சொல்லில் பெயர்த்துவிட்டு நகர்ந்தால் இது கிடைக்காது.

மலையின் பிற குடியிருப்புப் பெயர்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. நீலகிரியில் ஊர்ப் பெயரின் வாலைப் பார்த்தே அது யாருடைய ஊர் என்று சொல்லிவிடலாம். படுகர் ஊர் ‘ஹட்டி’. கன்னடத்தில் பகரம் ஹகரமாக மாறுவது தெரிந்த செய்தி. ஹட்டி என்பது நம் ‘பட்டி’யேதான். ஆண்டிபட்டியிலும் உசிலம்பட்டியிலும் இருக்கும் அந்தப் பட்டிக்கும் முதற்பொருள் ஆடுமாடு அடைக்கும் இடம். கோத்தர்கள் ஏழு ஊர்களில் வாழ்கிறார்கள். ஊருக்குள் வீடுகள் வரிசை வரிசையாக அமையும்; ஒரு வரிசைக்குப் பெயர் ‘கேர்’. கன்னடத்தில் ‘கேரி’. தமிழில் சகரமாகத் திரிந்து ‘சேரி’. கன்னடத்தில் ‘கிவி’ என்பது தமிழில் ‘செவி’ ஆவது போன்ற மாற்றம் இது. தஞ்சைக் கல்வெட்டில் கம்மாணச்சேரி வருவதைப் பார்த்தால், தமிழிலும் சேரி என்பது ஒரு தொழிலாரின் குடியிருப்பு வரிசையைக் குறித்தது விளங்கும். கோத்தர்கள் கொல்லர்கள், தச்சர்கள், குயவர்கள், இசைஞர்கள். பொருத்தம் தற்செயலானது அன்று.

கோத்தரின் கேரிதான் ‘கோத்தகேரி’. அதை நாம் ‘கோத்தகிரி’ என்று எழுதுகிறோம். மலையூர் அல்லவா, கிரி என்று முடிந்தால் அழகாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்தில் இரண்டு பெரிய ஊர்கள்; ஒன்றில் கைவினைஞரின் கேரி ‘கிரி’ ஆயிற்று, இன்னொன்றில் ஆயரின் மந்து ‘மண்டலம்’ ஆயிற்று. கேரியும் மந்தும் குறிப்பிட்ட மனிதர்கள் வாழ்ந்த, கையளவு நிலத்தின் பெயர்கள். கிரிக்கும் மண்டலத்துக்கும் மனிதர் தேவையில்லை. இரண்டு ஊர்களுக்கும் நேர்ந்தது ஒரே விதமான இழப்பு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

இனி முன்துண்டு.

பொதுமக்களிடையே பரவலாக இருப்பது நீர் விளக்கம். உதகம் என்றால் வடமொழியில் நீர். ஏரி சூழ்ந்த ஊர், மழை மிகுந்த ஊர், ஆகவே உதகமண்டலம் என்பார்கள். ஏரியைச் சுட்டி இதைச் சொல்ல முடியாது என்பதை 1821 என்ற ஆண்டே காட்டிவிடுகிறது. ஓடைகளையும் ஊற்றுகளையும் சுட்டிச் சொல்லலாம்தான். ஆனால் சுற்றுவட்டாரப் பழம்பெயர்களைப் பாருங்கள்: குன்னூர், கேத்தி, தொட்டபெட்டா. பெரிய மலையைத் ‘தொட்டபெட்டா’, அதாவது பெரியமலை, என்று நேர்ச்சொல்லால் அழைத்த மக்கள், ஓர் எருமைத்தொழுவத்துக்கு மட்டும் ‘உதகம்’ என்று பெயர் தேடியிருப்பார்களா? ஒலியும் ஒத்துவரவில்லை. பழைய வடிவங்கள் எல்லாம் ஒகரத்தில் தொடங்குகின்றன, உகரத்தில் இல்லை.

இரண்டாவது, ‘ஒற்றைக்கல் மந்து’. கேட்டவுடன் பிடித்துப்போகும் விளக்கம். அந்த ஒற்றைக்கல் சல்லிவனின் கல்வீடு என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் தேதியில் விழுந்துவிடும், ஏனெனில் பெயர் வீட்டுக்கு முந்தியது. தோடர் வழிபட்ட புனிதக் கல் ஒன்றைக் குறிக்கிறது என்பது இன்னும் கவனிக்கத்தக்க வாதம். மந்துகளில் அப்படிப்பட்ட கற்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் தோடர்கள் கல்லைக் ‘கல்’ என்பதில்லை. சொல்லிறுதி லகரம் அவர்கள் மொழியில் சகரம் கலந்த உரசொலியாகிவிடும். ரிவர்ஸ் அதைக் ‘கர்ஸ்’ என்று எழுதினார். பாலைப் ‘பர்ஸ்’ என்று எழுதினார். புனிதக் கற்களுக்கு அவர் குறித்துக்கொண்ட பெயரிலும் இந்தக் கர்ஸ் இருக்கிறது. ஆகவே ‘ஒற்றைக்கல்’ தோடர் இட்ட பெயராக இருப்பது அரிது. தமிழரோ படுகரோ இட்டதாக வைத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது: 1821இன் ‘வோட்டோகி’யில் லகரம் எங்கே?

மூன்றாவது, நான்காவது விளக்கங்களை யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி வழியாக அறிகிறோம். கேத்தியைச் சுற்றி ஊழியம் செய்த பேசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ், ஸ்டோன் ஹவுஸ் நிற்கும் இடத்துக்குப் படுகர்கள் இட்ட பெயர் ‘ஹொத்தகமந்து’ என்கிறார். நீலகிரி மாவட்டக் கையேட்டை 1880இல் எழுதிய கிரிக், ‘ஒத்தகாய்மந்து’ என்று கொண்டு, குட்டை மூங்கிலைக் குறிக்கும் கன்னடச் சொல்லோடு தமிழின் ‘காய்’ சேர்ந்தது என்று பிரிக்கிறார். கிரிக் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதி கன்னடம், பாதி தமிழ், முடிவில் மந்து என்று மூன்று மொழிகளை ஒட்டி ஒரு மேய்ச்சல் குடியிருப்புக்குப் பெயர் வைத்தார்கள் என்பது, மேசையில் அகராதிகளை விரித்துவைத்துக்கொண்டு செய்த ஆராய்ச்சி. மெட்ஸின் சாட்சியம் வேறு வகையானது. அவர் பிரித்துப் பொருள் சொல்ல முயலவில்லை. மலைக்கிராமங்களில் நடந்து, படுகரோடு அவர்கள் மொழியில் பேசி, கேட்டதை எழுதினார். எனக்கு அவர்மேல்தான் நம்பிக்கை.

வோட்டோகி, ஹொத்தக, ஒத்தகாய் ஆகிய மூன்று பதிவுகளையும் அருகருகே வைத்தால் ஓர் எலும்புக்கூடு தெரிகிறது: தொடக்கத்தில் ஒகரம், அடுத்து இரட்டித்த வல்லெழுத்து, அதன்பின் ககரம். முதல் பதிவில் வரும் வகரம் பெரிய புதிர் இல்லை. பேச்சுத் தமிழில் ஒகரத்துக்கு முன் வகரம் தானாக ஒட்டும். ‘ஒண்ணு’ என்று எழுதுவதை ‘வொண்ணு’ என்றுதான் சொல்கிறோம். தோடா மொழியிலும் ‘ஒன்று’ வகரத்தோடுதான் தொடங்குகிறது. படுக வாயில் ஹகரமும் தமிழ் வாயில் வகரமும் ஏறியிருக்கலாம். நடுவில் நிற்பது ‘ஒத்தக’. அதற்குப் பொருள் தேடி இன்னொரு விளக்கத்தை நானும் சேர்த்து வைப்பதைவிட, பெயர் எந்த வாய்களின் வழியே வந்தது என்று பார்ப்பது பயன் தரும்.

அந்த நாளில் மலையின் வாழ்க்கை கொடுக்கல் வாங்கலில் நடந்தது. தோடர் பாலும் நெய்யும் தந்தார்கள். கோத்தர் கருவிகளும் மட்பாண்டமும் தந்து, ஈமச்சடங்குகளில் இசைத்தார்கள். படுகர் தானியம் தந்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருள்களும் தந்து, மந்திரத்துக்காக அஞ்சவும் அழைக்கவும் பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. எல்லாருக்கும் பொதுவாகப் புழங்கியது படுகு. கீழிருந்து வந்த வெள்ளைக்காரருக்கு வழிகாட்டியவர்கள் படுகரும் தமிழ் துபாஷிகளும். ‘இந்த இடத்துக்கு என்ன பெயர்?’ என்ற கேள்விக்கு விடை சொன்னவர்கள் அவர்களே. புல்வெளிக்குள் எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோடரைக் கேட்டவர் யாருமில்லை.

கேட்டிருந்தால் வேறு பெயர் கிடைத்திருக்கும். ரிவர்ஸ் நூலின் மதிப்பு இங்கேதான். ஒவ்வொரு மந்துக்கும் தோடர் வழங்கும் பெயரையும் பிறர் வழங்கும் பெயரையும் அவர் தனித்தனியே குறித்தார். கூம்பு வடிவப் பால்கோயிலால் புகழ்பெற்ற முத்தநாடு மந்து, தோடருக்கு ‘நோட்ர்ஸ்’. காந்தல் மந்து, தோடருக்குக் ‘கார்ஸ்’. இரண்டு பெயர்களுக்கும் இடையே ஒலி உறவே இல்லை. கோத்தரிலும் இப்படித்தான், கோத்தகிரியில் உள்ள தங்கள் ஊரை அவர்கள் ‘பொர்காடு’ என்கிறார்கள். தோடரிடம் மூன்றாவது அடுக்கு ஒன்றும் உண்டு. பால்கோயிலில் பூசாரி வேண்டும்போது ஊர்களையும் மலைகளையும் எருமைகளையும் கோயில் பொருள்களையும் அன்றாடப் பெயரால் சொல்வதில்லை. அவற்றுக்கு ‘குவார்ஸம்’ என்று வேண்டுதலுக்கே உரிய பெயர்கள் இருக்கின்றன. அவற்றை வரிசையாக அடுக்கிச் சொல்வதே வேண்டுதலின் பெரும்பகுதி. பாட்டில் வரும்போது மறுபடியும் வேறு. எமனோ 1971இல் வெளியிட்ட ‘தோடர் பாடல்கள்’ தொகுப்பு காட்டுவதுபோல், தோடர் பாட்டு மூன்றசைத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் இணைத்துண்டு உண்டு. இடங்களின் பெயர்களும் அந்த இணைகளாகவே வரும். இவ்வளவு பெயர்ச்செல்வம் கொண்ட ஒரு மக்கள் வாழ்ந்த நிலத்தின் முதன்மை ஊருக்கு, அவர்கள் அண்டை வீட்டார் சொன்ன பெயர் நிலைத்துவிட்டது.

வெளியார் பெயரிடுவது இங்கே புதிதும் இல்லை. தோடரைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச்சான்று 1117ஆம் ஆண்டுக்குரிய போசளர் கல்வெட்டு. விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாக அது பெருமை பேசுகிறது. தோடர், நீலமலை ஆகிய இரண்டு பெயர்களும் சேர்ந்து வரலாற்றில் நுழைவதே வென்றவனின் வாயால். 1603இல் கோழிக்கோட்டிலிருந்து ஏறி வந்த ஏசுசபைப் பாதிரியார் பெனிசியோ இந்த மலையைத் ‘தோடமலா’ என்றார். அது மலையாளக் கரையிலிருந்து பார்த்தவர்களின் பெயர். 1821இன் ‘வோட்டோகிமண்ட்’ அந்த வரிசையில் மூன்றாவது.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஆங்கில ஏட்டில் ‘வோட்டோகி’ பின்னால் ‘ஊட்டக்க’ என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலாக மாறியது. நிலம் கைமாறியது, சல்லிவன் தோடரிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார். நலவாழ்வுத் தலமாக, பின்னர் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக ஊர் வளர்ந்தது. 1848இல் தாவரவியல் பூங்கா, 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலைரயில், 1908இல் அது உதகை வரை. வேலைக்கும் வணிகத்துக்கும் சமவெளித் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் ஏறிவந்தார்கள். அவர்களுக்கு மந்து என்றால் என்னவென்று தெரிய வழியில்லை. அவர்கள் படித்தது ஆங்கிலப் பலகை. தகரமும் டகரமும் ஒன்றாகிவிட்ட அந்த எழுத்தில் ‘மந்து’ இப்போது ‘மண்ட்’.

‘மண்ட்’ என்ற முடிவு தமிழ்க் காதுக்கு அரைகுறையாகக் கேட்கும். தொண்டைமண்டலம், சோழமண்டலம், கொங்குமண்டலம் என்று கேட்டுப் பழகிய காது அதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். முன்துண்டிலும் இப்படி ஒரு திருத்தம் நேர்ந்தது என்பது என் கருத்து. பேச்சில் நாம் உதடு என்பதை ‘ஒதடு’ என்கிறோம், உதவியை ‘ஒதவி’, உலகத்தை ‘ஒலகம்’. எழுதும்போது எல்லாவற்றையும் உகரமாக்கிவிடுகிறோம். ‘ஒத்தக’, ‘ஒதக’ என்று காதில் விழுந்ததும், படித்த தமிழர் அதைக் கொச்சை என்று எண்ணி ‘உதக’ என்று செப்பம் செய்திருப்பார். செப்பம் செய்ததும் அது நீரைக் குறிக்கும் வடசொல்லாகவே நின்றது. எதிரே ஏரியும் இருந்தது. பெயரும் காட்சியும் இவ்வளவு பொருந்தியபின் யார் சந்தேகப்படுவார்கள்? இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பது. விளைவு என்னவோ, அந்த மக்களின் சுவடே பெயரில் இல்லாமல் போனது.

ஊட்டி என்ற சுருக்கம் ஆங்கிலேயர் செல்லமாக வெட்டியது. வெட்டுப்பட்டது பின்பகுதி, மந்து இருந்த பகுதி. நெடில் ஊகாரம் ஆங்கில எழுத்துக்கூட்டலின் பிள்ளை. உதகை என்பது தமிழரின் சுருக்கம். கோயம்புத்தூர் கோவையானது போல, புதுக்கோட்டை புதுகையானது போல மரூஉ. இரண்டு சுருக்கங்களிலும் ஐயத்துக்கு இடமில்லாத தோடர் சொல் வெளியே நிற்கிறது. ஐயத்துக்குரிய முன்துண்டு மட்டும் உள்ளே இருக்கிறது. மூன்று பெயர்களில் மந்தின் எலும்பு கொஞ்சமாவது தெரிவது உதகமண்டலத்தில்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பெயர் என்று நாம் ஏற்ற வடிவத்தில் இருப்பது வடமொழி வேடம். வேடத்தைக் களைந்தால் உள்ளே மன்று. தனித்தமிழ் பேசியவர்கள்கூட இந்த ஊரில் அதைத் தேடிப் பார்க்காதது எனக்கு வருத்தமே. ஜி. யு. போப் இதே ஊரில் பள்ளி நடத்தினார்; 1873இல் மார்ஷல் எழுதிய தோடர் பற்றிய நூலுக்குத் தோடா மொழி இலக்கணச் சுருக்கம் ஒன்றை இணைத்துக் கொடுத்தார். திருக்குறளையும் திருவாசகத்தையும் மொழிபெயர்த்தவர் என்று அவரைக் கொண்டாடும் நாம், அந்த இலக்கணத்தைப் பேசுவதில்லை. கால்டுவெல் 1856இலேயே தோடா, கோத்தா மொழிகளைத் திராவிட மொழிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார். அவை தமிழின் கிளைவழக்குகள் அல்ல. தமிழோடு ஒரே வேரிலிருந்து பிரிந்து, மலைமேல் தனியே நெடுங்காலம் வளர்ந்த மொழிகள்.

ரிவர்ஸ் வந்தபோது தோடர்கள் சுமார் 800 பேர். இப்போதும் அவர்கள் சில ஆயிரத்தைத் தாண்டவில்லை. எருமைகள் குறைந்துவிட்டன, புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை மரத்துக்கும் தைல மரத்துக்கும் தேயிலைக்கும் போய்விட்டது. பூங்காவின் மேல்சரிவில் ஒரு மந்து இருக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் வேலி ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முத்தநாட்டுக் கூம்புக்கோயிலுக்குக் கூரை வேயும் காலம் வந்தால், தோடர்கள் பல மந்துகளிலிருந்தும் கூடுகிறார்கள்.

காந்தல் இன்று உதகையின் நெரிசலான பகுதிகளில் ஒன்று. குருசடித் திருத்தலத்துக்குத் தமிழகமெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். பக்கத்து மந்துக்கு வெளியார் இட்ட பெயரின் முன்பாதியே அந்தப் பகுதியின் பெயராகப் பேருந்துகளில் எழுதப்பட்டிருக்கிறது. கார்ஸ் என்ற பெயர் எந்தப் பேருந்திலும் இல்லை. நீலகிரியின் மந்துகள் ஒவ்வொன்றுக்கும் தோடர் வழங்கும் பெயரை, அவர்கள் ஒலிக்கும் விதத்தை அவர்களிடமே கேட்டு எழுதி, ஊர்ப்பலகையிலும் மாவட்ட வரைபடத்திலும் சேர்ப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை அன்று. அந்த ஒலிகளுக்குத் தமிழ் எழுத்து போதாது என்றால் இரண்டொரு குறிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஈற்று ஒலிக்கு மட்டும் நம்மிடமே றகரம் இருக்கிறது.